கேட்பவர் தரும் காசு

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

சங்கச் செயலாளர் போன் செய்து, "நீ ஏதோ பாட்காஸ்ட் நடத்துறியாமே, அதுல என்ன வருமானம் வருதுன்னு கால் மணி நேரம் பேசுப்பா" என்றார். வருமானத்தைப் பற்றி மட்டும் பேசினால் அரை நிமிடத்தில் உட்கார்ந்துவிடலாம். கால் மணி நேரம் கொடுத்திருப்பதால், அந்த வருமானம் ஏன் அவ்வளவு குறைவாக இருக்கிறது, இருந்தும் ஏன் நிறுத்தவில்லை என்பதைச் சொல்லுகிறேன்.

நம் வயதுக்காரர்களுக்கு ஒன்று நினைவிருக்கும். வீட்டில் ரேடியோ வைத்திருந்தால் லைசென்ஸ் கட்ட வேண்டும். ஆண்டுக்கு 15 ரூபாய். அப்பா அந்தச் சின்னப் புத்தகத்தை என் கையில் கொடுத்து தபால் ஆபீசுக்கு அனுப்புவார். 1980-களின் நடுவில் அந்த லைசென்ஸ் ஒழிந்தது. அதன் பிறகு, காதால் கேட்பதற்குக் காசு தர வேண்டும் என்ற நினைப்பே நமக்குப் போய்விட்டது. ஓசியில் கேட்கிறோம், நடுவில் விளம்பரத்தையும் கேட்டுக்கொள்கிறோம். அந்த விளம்பரக்காரர்தான் நிகழ்ச்சிக்கு முதலாளி என்பதை யோசிப்பதில்லை.

பாட்காஸ்ட் என்ற சொல் 2004-ஆம் ஆண்டு 'கார்டியன்' பத்திரிகையில் பென் ஹேமர்ஸ்லி என்பவர் எழுதிய கட்டுரையில் முதலில் வந்தது. ஐபாட், பிராட்காஸ்ட் இரண்டையும் ஒட்டவைத்த சொல். ஐபாட் போய்விட்டது, சொல் நிற்கிறது. எது நிலைக்கும், எது போகும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பதற்கு இதுவே ஓர் உதாரணம்.

என் நிகழ்ச்சியின் பெயரைச் சொன்னால் விளம்பரமாகிவிடும், விட்டுவிடுகிறேன். மாதம் இரண்டு முறை, நாற்பது நிமிடம். கோவளத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் வரை நம் கடற்கரை ஊர்களில் மக்கள் பேசுவதைப் பதிவு செய்து போடுகிறேன். வாடையும் கொண்டலும் எப்போது திரும்பும், எந்த மீன் எந்த மாதத்தில் காணாமல் போனது, அலை எத்தனை வீட்டைத் தின்றது, இதெல்லாம்தான் விஷயம். "சமுதாய வானொலியே வைத்திருக்கலாமே" என்று கேட்பார்கள். 2006-ஆம் ஆண்டு முதல் தொண்டு நிறுவனங்களுக்கும் அதற்கு அனுமதி உண்டு. ஆனால் உரிமம், கோபுரம், டிரான்ஸ்மிட்டர் எல்லாம் வேண்டும். சொந்தமாகச் செய்தி சேகரித்துச் சொல்லவும் கூடாது. எனக்கு இருந்தது ஒரு மைக், ஒரு பழைய ஸ்கூட்டர்.

இந்தக் கடற்கரையில் திரியும்போது என் காதில் திரும்பத் திரும்ப விழுந்த சொல் 'சஸ்டெயினபிள்'. பலகையில் இருக்கிறது, ஓட்டல் மெனுவில் இருக்கிறது, துணிப்பையில் இருக்கிறது. 1987-இல் பிரண்ட்லண்ட் குழு ஐக்கிய நாடுகள் சபைக்குக் கொடுத்த அறிக்கையில், வரும் தலைமுறையின் தேவைக்குக் கேடு வராமல் இன்றைய தேவையை நிறைவேற்றுவது என்று அதற்குப் பொருள் சொன்னார்கள். நல்ல பொருள்தான், நான் அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு காலத்திலும் இந்தக் கரைக்கு ஒரு பச்சைச் சாயம் வந்து இறங்கியிருக்கிறது.

90-களில் இறால் பண்ணை வந்தது. நீலப் புரட்சி என்றார்கள். வயலிலும் குடிநீரிலும் உப்பு ஏறுகிறது என்று கிராமத்து மக்கள் சொன்னதை யாரும் கேட்கவில்லை. சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் வரை போனார். 1996 டிசம்பர் 11-ஆம் தேதி தீர்ப்பு வந்தது. 2005-இல் தனிச் சட்டம் வந்து, பண்ணைகள் அனுமதியோடு தொடர்ந்தன.

2004-இல் சுனாமி. உடனே எல்லோரும் சவுக்கு நடச் சொன்னார்கள். கடலுக்கு வேலி என்றார்கள். சவுக்கு நம் மண்ணுக்கு வெளியிலிருந்து வந்த மரம். மணல்மேட்டைப் பிடித்து நிறுத்தும் வேலையை அதற்கு முன்பே ராவணன் மீசையும் அடம்பங்கொடியும் சும்மா செய்துகொண்டிருந்தன. சவுக்கு வரிசை கரைக்கு மிக அருகில் வந்தால் பங்குனி ஆமை முட்டையிட இடம் குறைகிறது என்று ஆராய்ச்சியாளர்கள் பிற்பாடு எழுதினார்கள். எங்கள் நிகழ்ச்சியில் பேசிய ஒரு பெரியவர், "மணலை மணலா வுட்டாலே போதும் தம்பி" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

2021-இல் கோவளம் கடற்கரைக்கு நீலக்கொடிச் சான்று கிடைத்தது. 33 நிபந்தனைகள். நீரின் தூய்மை, கழிப்பறை, உயிர்காக்கும் ஏற்பாடு எல்லாம் அதில் உண்டு. நல்லதுதான், அந்த இடம் சுத்தமாகவும் இருக்கிறது. ஆனால் வலை காயப் போட இடம் யாருக்கு என்ற கேள்வி அந்த 33-இல் கிடையாது. கேள்வித்தாளில் இல்லாத கேள்விக்கு மதிப்பெண்ணும் இல்லை என்பது நமக்குத் தெரியாததா!

இனி என் கதைக்கு வருகிறேன். மூன்றாம் ஆண்டில் கையில் பணமே இல்லை. அப்போது கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு ரிசார்ட்காரர்கள் கூப்பிட்டார்கள். ஓராண்டுச் செலவு முழுவதையும் தருவதாகச் சொன்னார்கள். தங்கள் பசுமைத் திட்டத்தைப் பற்றி ஒரு நிகழ்ச்சி மட்டும் செய்தால் போதும். நான் ஒப்புக்கொண்டேன், முன்பணமும் வாங்கினேன். இதை மறைக்க விரும்பவில்லை. பதிவுக்குப் போனேன். சூரிய விளக்கு, மழைநீர்த் தொட்டி, எல்லாம் உண்மையாகவே இருந்தன. வெளியே வந்தபோது மீன்கூடையோடு ஒரு அம்மா நின்றிருந்தார். பழக்கத்தில் மைக்கை நீட்டிவிட்டேன். "முன்னெல்லாம் இப்படியே நேரா கரைக்குப் போயிடுவோம். இப்ப சுத்திக்கினு போறோம். அவ்ளோதான் வித்தியாசம்" என்றார். கோபமாகக்கூட சொல்லவில்லை.

அந்த முப்பது விநாடியை எடுத்துவிடச் சொன்னார்கள். இரண்டு நாள் யோசித்தேன். வீட்டில், "முப்பது செகண்ட்தானே" என்றார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. மூன்றாம் நாள் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அதில் பாதி செலவாகியிருந்தது, கடன் வாங்கித்தான் கொடுத்தேன். நிகழ்ச்சி நான்கு மாதம் நின்றது.

ஐந்தாம் மாதம் தேவனேரியிலிருந்து ஒரு பெண் பேசினாள். கல்லூரி மாணவி. "அண்ணே, எங்க தாத்தா பேசுன ரெக்கார்டு உங்ககிட்ட இருக்குல்ல? அவரு போயிட்டாரு. வீட்ல அவரு குரல் வேற எதுலயும் இல்ல" என்றாள். முழுப் பதிவையும் அனுப்பினேன். மறுநாள் என் கணக்கில் 30 ரூபாய் வந்தது. அடுத்த மாதமும் 30 ரூபாய். நான் கேட்கவில்லை. அப்போதுதான் எனக்குப் புரிந்தது, கேட்காமல் இருந்தது என் தவறு என்று. அடுத்த நிகழ்ச்சியில் செலவுக் கணக்கை அப்படியே வாசித்து, "முடிந்தவர்கள் கொடுங்கள்" என்று சொன்னேன்.

இது நான் கண்டுபிடித்த வழி அல்ல. அமெரிக்காவில் பெர்க்லி நகரில் லூயிஸ் ஹில் என்பவர் 1949 ஏப்ரலில் கே.பி.எஃப்.ஏ. என்ற வானொலியைத் தொடங்கினார். விளம்பரம் கிடையாது. கேட்பவர்களில் நூற்றுக்கு இரண்டு பேர் சந்தா கட்டினால் போதும் என்பது அவர் கணக்கு. ஓராண்டில் பணம் தீர்ந்து 1950-இல் நின்றது. நேயர்கள் பணம் திரட்டி 1951-இல் மீண்டும் தொடங்க வைத்தார்கள். இன்றும் ஒலிக்கிறது. நம் தமிழிலேயே சி.சு. செல்லப்பா 1959 ஜனவரியில் 'எழுத்து' தொடங்கி 1970 வரை நடத்தினார். புத்தக மூட்டையைத் தூக்கிக்கொண்டு கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கினார். 'எழுத்து' நின்றுபோனதுதான். ஆனால் அதில் வளர்ந்த புதுக்கவிதை நின்றுபோகவில்லை.

அயல்நாட்டிலிருந்து வந்திருக்கும் நண்பர்கள், "நாங்க டாலர்ல அனுப்புறோம்டா" என்று காலையிலிருந்து சொல்கிறார்கள். அன்புக்கு நன்றி. இந்திய பாஸ்போர்ட் உள்ளவர் தன் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பலாம். வேற்று நாட்டுக் குடியுரிமை வாங்கியவர் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை. 2010-ஆம் ஆண்டுச் சட்டப்படி, செய்தியும் நடப்பு விவகாரமும் ஒலிபரப்புகிற நிறுவனங்கள் அதைத் தொடவே கூடாது. எனக்கு வம்பு வேண்டாம். வெளிநாட்டுத் தளங்கள் வழியாக மாதச் சந்தா வாங்கவும் முயன்றேன். 2021 அக்டோபரில் ரிசர்வ் வங்கியின் புதிய விதி நடைமுறைக்கு வந்ததும், கார்டில் தானாகப் பிடிக்கும் பணம் பலருக்கு நின்றுபோனது. யு.பி.ஐ. இல்லையென்றால் நானும் நின்றிருப்பேன். பத்து ரூபாயும் இருபது ரூபாயும் கட்டணமில்லாமல் வந்து சேருவது அதனால்தான்.

நேயர் பணம் என்றால் முழுச் சுதந்திரம் என்று நினைத்துவிடாதீர்கள். நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்தைப் பற்றி ஒரு நிகழ்ச்சி செய்தேன். 2013-இல் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் ஆலை, 2024-இல் இன்னொரு 15 கோடி லிட்டர் ஆலை. இழுக்கும் நீரில் பாதிக்கும் மேல் உப்பு செறிந்து கடலுக்கே திரும்புகிறது. பக்கத்துக் குப்பத்து மக்கள் கரை அரிப்பையும் மீன் குறைவையும் பற்றிப் பேசினார்கள். அதே நிகழ்ச்சியில் சென்னையில் குடியிருக்கும் ஒரு அம்மாவையும் பேச வைத்தேன். 2019 கோடையில் குடத்தோடு இரவெல்லாம் காத்திருந்தவர். அந்த ஆண்டு ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். "எங்களுக்கும் தாகம் இருக்குதுங்களே" என்றார். அவ்வளவுதான்! "நீங்கள் விலை போய்விட்டீர்கள்" என்று சில நேயர்கள் பணத்தை நிறுத்திவிட்டார்கள். ரிசார்ட்காரருக்கு மீன்காரம்மா பேசியது பிடிக்கவில்லை. இவர்களுக்குக் குடத்துக்காரம்மா பேசியது பிடிக்கவில்லை.

அதற்குப் பிறகு சில விதிகள் வைத்துக்கொண்டேன். யாரிடமும் மாதம் 500 ரூபாய்க்கு மேல் வாங்குவதில்லை. ஒருவர் கோபித்துக்கொண்டு போனால் நிகழ்ச்சி படுத்துவிடக் கூடாது. வரவு செலவை மாதாமாதம் வாசித்துவிடுவேன். செலவை ஏற்றுவதில்லை. "ஸ்டூடியோ போடு, வீடியோ எடு, ஆளைச் சேர்" என்று ஆலோசனை சொல்பவர்கள் நிறைய. அளவுக்கு மேல் வளர்ந்து கரையைக் கெடுத்தவர்களைப் பற்றிப் பேசுகிற நான், அளவுக்கு மேல் வளர்வது நியாயமா?

கடைசியாக ஒன்று. நிலைத்திருப்பதைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு, என் நிகழ்ச்சி என்றென்றும் நடக்கும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். எனக்கும் அறுபது தாண்டிவிட்டது. ஒருநாள் நிற்கும், நிற்கட்டும். ஆனால் அந்தக் குரல்கள் நிற்கக் கூடாது. கடலைத் தெரிந்த மனிதர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் சொன்னதெல்லாம் இப்போது என் வீட்டு அலமாரியில் இரண்டு ஹார்டு டிஸ்க்கில் இருக்கிறது. இரண்டும் பழுதானால் தேவனேரிப் பெண்ணுக்கு நான் என்ன பதில் சொல்வது?

ஆகவே இந்தச் சங்கத்திடம் பணம் கேட்கவில்லை. நம் கல்லூரி நூலகத்தில் ஒரு பிரதி வைக்க இடம் கொடுங்கள். கடற்கரை ஊரிலிருந்து படிக்க வரும் பிள்ளைகள் தங்கள் தாத்தா பாட்டியின் குரலைக் கேட்க ஒரு கம்ப்யூட்டரும், ஒரு ஹெட்போனும், ஒரு நாற்காலியும் போடுங்கள். முதல்வர் ஐயா மேடையிலேயே இருக்கிறார். தலையை அசைத்தது போலத் தெரிந்தது. அதையும் பதிவு செய்துகொண்டேன்!