மூன்றெழுத்தும் கப்பற் சீட்டும்

இங்கிலாந்தில் பைரீன் என்னும் கம்பெனியார் தீயணைக்கும் வண்டிகளைச் செய்து விற்றுவந்தனர். இந்திய அரசாங்கம் அவர்களிடம் சில வண்டிகளை வாங்கியது. அவற்றைப் பம்பாய்க்குக் கொண்டுசெல்லக் கப்பலை ஒழுங்கு செய்ததும் இந்திய அரசாங்கமே. சிந்தியா கப்பற் கம்பெனியின் 'ஜலசாத்' என்னும் கப்பல் லண்டன் துறைமுகத்தில் வந்து நின்றது. கப்பலின் பாரந்தூக்கி வண்டிகளை மேலே உயர்த்தத் தொடங்கியது. அவற்றுள் ஒன்று, கப்பலின் விளிம்பைக் கடக்கு முன்னரே, தூக்கியினின்றும் கழன்று கீழே விழுந்து சிதைந்தது. அதனைத் திருத்துவதற்கு 966 பவுண் செலவாயிற்று.

ஒரு வண்டி விழுந்த கதையை வானொலியிலே சொல்வானேன் என்று நேயர்கள் எண்ணக்கூடும். அந்த வண்டி விழுந்த இடம் எது என்பதிலேதான் சங்கதி இருக்கிறது. 1954 ஆம் ஆண்டு இங்கிலாந்தின் உயர் நீதிமன்றத்தில் நீதியரசர் டெவ்லின் இவ்வழக்குக்குத் தீர்ப்பளித்தார். இன்றும் உலகெங்கும் கப்பல் வாணிகச் சட்டம் பயில்வோர் இதனைப் படியாமற் செல்வதில்லை. கடல் கடந்து ஒரு பொருளை விற்கும்போது, ஓர் ஒப்பந்தமல்ல, இரண்டு ஒப்பந்தங்கள் பக்கம் பக்கமாக நடைபெறுகின்றன என்பதை இதைப்போலத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி வேறொன்று கிடைப்பது அரிது.

முதலாவது, விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையிலான விற்பனை ஒப்பந்தம். இரண்டாவது, சரக்கைக் காவிச் செல்லும் கப்பலாருக்கும், அவரை அமர்த்தியவருக்கும் இடையிலான காவுகை ஒப்பந்தம். முதலாவதில் கப்பலார்க்குப் பங்கில்லை. இரண்டாவதிலோ, விற்பவர் வாங்குபவர் ஆகிய இருவருள் ஒருவர் பெரும்பாலும் வெளியே நிற்கிறார். ஆனால் சரக்கு ஒன்றுதான். அது உடைந்தால், நனைந்தால், காணாமற் போனால், இந்த இரண்டு ஒப்பந்தங்களும் ஒன்றோடொன்று மோதிக்கொள்கின்றன.

விற்பனை ஒப்பந்தத்திலே விலையை அடுத்து மூன்று எழுத்துக்கள் எழுதப்படுவதை வியாபாரிகள் அறிவர். எவ். ஓ. பி. என்றால், விற்பவர் சரக்கைக் கப்பலில் ஏற்றுமட்டுமே பொறுப்பு. கப்பலை அமர்த்துவதும் கூலி கொடுப்பதும் வாங்குபவர் கடன். சி. ஐ. எவ். என்றால், விலை, காப்புறுதி, கப்பற்கூலி மூன்றும் ஒன்றாக அடங்கும். கப்பலை அமர்த்துபவர் விற்பவரே. இந்த எழுத்துக்கள் நெடுங்காலமாக வழங்கி வந்தவை. ஆயினும் ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு பொருள் கொண்டிருந்தன. அமெரிக்காவிலே எவ். ஓ. பி. என்பதை உள்நாட்டுப் புகையிரத நிலையம் ஒன்றன் பெயரோடும் சேர்த்து எழுதுவர். அங்கே கப்பலுக்கு இடமேயில்லை. இக்குழப்பத்தைத் தீர்ப்பதற்காகப் பாரிசு நகரிலுள்ள சர்வதேச வர்த்தக சம்மேளனம் 1936 ஆம் ஆண்டில் இவற்றுக்குரிய விளக்க விதிகளை வெளியிட்டது. 'இன்கோடேர்ம்ஸ்' என்பது அவற்றின் பெயர். பலமுறை திருத்தப்பெற்று, 2020 ஆம் ஆண்டுப் பதிப்பிலே பதினொரு சொற்றொகுதிகள் அதில் இடம்பெற்றுள்ளன. இது எந்த நாட்டினதும் சட்டமன்று. ஒப்பந்தத்திலே பெயர் சொல்லிச் சேர்த்துக்கொண்டால் மாத்திரமே அதன் விளக்கம் ஐயமின்றிக் கட்டுப்படுத்தும்.

இனி, விழுந்த வண்டிக்கு வருவோம். வண்டி விற்கப்பட்டது எவ். ஓ. பி. லண்டன் என்ற நிபந்தனையின் மேல். அக்கால வழக்கின்படி, சரக்கு கப்பலின் விளிம்பைக் கடந்த கணத்திலேதான் நட்டப் பொறுப்பு வாங்குபவரைச் சேரும். வண்டி விளிம்பைக் கடக்கவில்லை. ஆகவே அது இன்னும் பைரீன் கம்பெனியின் பொறுப்பிலேயே இருந்தது, நட்டம் அவர்களுடையதே. அவர்கள் கப்பற் கம்பெனிமேல் வழக்குத் தொடுத்தனர். கப்பலார் தவற்றை மறுக்கவில்லை. "நட்டஈட்டுக்கு ஒரு வரம்பு உண்டு, 200 பவுணுக்கு மேல் தருவதற்கில்லை" என்பதே அவர்கள் வாதம். 1924 ஆம் ஆண்டிலே பிரசெல்சு நகரில் நாடுகள் கூடிச் செய்த உடன்படிக்கையினின்றும் வந்தவை ஹேக் விதிகள். கப்பலார் எவ்வளவு கவனம் காட்டவேண்டும், எதற்கெல்லாம் பொறுப்பாளியாவர், பொதி ஒன்றுக்கு எவ்வளவு வரை கொடுக்கவேண்டும் என்பவற்றை அவை வகுத்துள்ளன. 200 பவுண் என்பது அன்று கொள்ளப்பட்ட வரம்பு.

பைரீன் கம்பெனியார் சொன்ன விடையும் இலேசானதன்று. "கப்பலை அமர்த்தியவர் இந்திய அரசாங்கம். காவுகை ஒப்பந்தத்திலே நாங்கள் கையிடவில்லை. அவ்வண்டிக்குக் கப்பற் சீட்டும் வழங்கப்படவில்லை. எங்களுக்குச் சம்பந்தமில்லாத ஒப்பந்தத்தின் வரம்பு எங்களை எவ்வாறு கட்டும்? தவிரவும், வண்டி கப்பலின் விளிம்புக்கு வெளியேயன்றோ விழுந்தது?" என்பது அவர்கள் கேள்வி.

நீதியரசர் டெவ்லின் இதனை ஏற்றுக்கொள்ளவில்லை. விளிம்பு என்பது விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையிலே பொறுப்பைப் பிரிக்கும் கோடு. கப்பலாரின் வேலையை அது இரண்டாகப் பிரிப்பதில்லை. சரக்கைத் தூக்கி ஏற்றுவது ஒரே வேலை. அவ்வேலை முழுவதும் காவுகை ஒப்பந்தத்துள் அடங்கும். பாரந்தூக்கியின் நுனியிலே சரக்கு ஆடியாடிச் செல்லும்போது, கற்பனையான கோடொன்றன் இப்புறமும் அப்புறமுமாகச் சட்டப் பொறுப்பு மாறிக்கொண்டிருப்பதை எந்த வழக்கறிஞராவது விரும்புவாரோ என்று அவர் சற்று நகைச்சுவையோடு வினவவும் செய்தார். விற்பவர் தம்மைப் பொறுத்த அளவில் அக்காவுகை ஒப்பந்தத்தின் பயனைப் பெறுபவராதலின், அதன் பாரத்தையும் ஏற்கவேண்டும் என்பது முடிவு. ஆகவே 966 பவுண் நட்டத்திற்குக் கிடைத்தது 200 பவுண். கையில் நின்ற நட்டம் 766 பவுண்.

பைரீன் கம்பெனி விற்பனை ஒப்பந்தத்திலே தவறேதும் செய்யவில்லை. தன் மூன்றெழுத்தை அது நன்றாகவே அறிந்திருந்தது. ஆயினும், தான் பார்த்திராத மற்றோர் ஒப்பந்தத்தின் வாசகம் அதன் நட்டத்தை அளந்தது. இன்கோடேர்ம்ஸ் விதிகள் கப்பலாரைக் கட்டா. காவுகை ஒப்பந்தத்தை யார் செய்யவேண்டும், எதுவரை செய்யவேண்டும் என்பதை மட்டுமே அவை சொல்லும். அந்த ஒப்பந்தத்தினுள்ளே என்ன எழுதப்பட்டிருக்கிறது என்பது கப்பலாரின் சீட்டில் இருக்கும்.

சி. ஐ. எவ். விற்பனையிலே இச்சிக்கல் வேறு வடிவம் கொள்கிறது. இங்கே விற்பவர் சேரவேண்டிய துறைமுகம் வரை கூலி கொடுக்கிறார். ஆதலால் அத்துறைமுகம் வரை நட்டமும் அவருடையதே என்று பலர் எண்ணிவிடுகின்றனர். அது தவறு. கூலி சேருமிடம் வரை செல்லும். நட்டப் பொறுப்போ ஏற்றிய துறைமுகத்திலேயே கைமாறிவிடும். கடலின் நடுவே சரக்கு மூழ்கினாலும் வாங்குபவர் விலை கொடுக்கவேண்டியவரே. இது அநீதி போலத் தோன்றும். ஆனால் அவர் வெறுங்கையோடு விடப்படுவதில்லை. கப்பற் சரக்குச் சீட்டும் காப்புறுதிப் பத்திரமும் அவர் கைக்கு வருகின்றன. 'பில் ஒப் லேடிங்' என வழங்கும் அச்சீட்டு, சரக்கைப் பெற்றுக்கொண்டதற்குப் பற்றுச்சீட்டு. காவுகை ஒப்பந்தத்திற்குச் சான்று. சரக்கின் மீதுள்ள உரிமையைக் கைமாற்ற உதவும் பத்திரமும் அதுவே. சீட்டை வைத்திருப்பவர் கப்பலாரிடம் நேரே உரிமை கோரலாம். விற்பவர் செய்த காவுகை ஒப்பந்தம் சீட்டின் வழியே வாங்குபவர் கைக்குச் செல்கிறது.

அப்படிச் செல்லாதபோது என்ன நேரும் என்பதை 'ஜூலியா' என்ற கிரேக்கக் கப்பலின் வழக்குக் காட்டுகிறது. 1940 ஆம் ஆண்டில் ஆர்ஜென்டீனாவிலிருந்து 500 தொன் ரை என்னும் தானியம், சி. ஐ. எவ். அன்ற்வேர்ப் என்ற நிபந்தனையில், பெல்ஜிய வணிகர்க்கு விற்கப்பட்டது. கப்பலிலே இருந்த தானியமோ அதனினும் பெரிய தொகை. அம்முழுத் தொகைக்குமான கப்பற் சீட்டு வாங்குபவர் கைக்கு வரவில்லை. விற்பவர் தம்முடைய முகவருக்கே எழுதிய ஒப்படைப்புக் கட்டளை ஒன்றைக் கொடுத்து விலையைப் பெற்றுக்கொண்டார். கப்பல் வழியில் இருக்கும்போதே, அவ்வாண்டு மே மாதத்தில், ஜேர்மானியப் படைகள் பெல்ஜியத்துள் புகுந்தன. அன்ற்வேர்ப் செல்ல வழியில்லை. தானியம் லிஸ்பனிலே இறக்கப்பட்டது.

"விற்பனை சி. ஐ. எவ்.; ஏற்றியதும் எங்கள் கடமை தீர்ந்தது" என்றனர் விற்பவர். வழக்கு இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை வரை சென்று 1949 ஆம் ஆண்டில் முடிவுற்றது. தலைப்பிலே சி. ஐ. எவ். என்று எழுதிவிட்டால் ஆயிற்றா என்று சபை நோக்கியது. வாங்குபவரிடம் கப்பற் சீட்டு இல்லை. விற்பவரின் முகவர்மேல் எழுதிய கட்டளையைக் கொண்டு கப்பலாரை அவர் எதுவும் கேட்க இயலாது. காவுகை ஒப்பந்தத்தின் உரிமை கைமாறாத இடத்தில், இது மெய்யான சி. ஐ. எவ். ஆகாது; அன்ற்வேர்ப்பிலே சரக்கை ஒப்படைப்பதற்கான விற்பனையே இது; அங்கே ஒப்படைக்கப்படாமையால் விலையைத் திருப்பிக் கொடுக்கவேண்டும் எனத் தீர்ப்பாயிற்று. விற்பவர் எழுதிய எழுத்து ஒன்று. செய்த செயல் வேறொன்று. நீதிமன்றம் செயலைப் பார்த்தது.

இவை பாரந்தூக்கியும் மூட்டையும் ஆண்ட காலத்துக் கதைகள். இன்று தேயிலையும் ஆடையும் தென்னம்பொருளும் கொள்கலன்களுள்ளே பூட்டப்பட்டுக் கொழும்புத் துறைமுகத்துக்குச் செல்கின்றன. ஏற்றுமதியாளர் கொள்கலனைத் துறைமுக முனையத்திலே கொடுத்துவிட்டு வீடு திரும்புகிறார். கப்பல் வருவதற்கு இரண்டு நாள் செல்லலாம், ஐந்து நாளும் செல்லலாம். அவர் எவ். ஓ. பி. என்று விற்றிருந்தால், அந்த நாட்களெல்லாம் நட்டப் பொறுப்பு அவருடையதே. 2010 ஆம் ஆண்டுப் பதிப்பிலே விளிம்பு என்ற பழைய கோடு நீக்கப்பட்டு, சரக்கு கப்பலின் மேல் வைக்கப்படும் வேளை என்று திருத்தப்பட்டது உண்மை. ஆயினும் முனையத்துக்கும் கப்பலுக்கும் இடையிலுள்ள வெளி அப்படியே இருக்கிறது. தாம் காணவும் காக்கவும் முடியாத ஓரிடத்திலே கிடக்கும் சரக்குக்கு அவர் பொறுப்பாளி.

இதற்காகவே எவ். சி. ஏ. என்ற நிபந்தனை இருக்கிறது. குறித்த இடத்திலே காவுநரிடம் சரக்கை ஒப்படைத்த உடனே பொறுப்பு நீங்கும். கொள்கலனுக்கு ஏற்றது இதுவே என்று சம்மேளனமும் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறது. வணிகர்கள் இதற்கு இசையாமைக்குப் பழக்கம் ஒரு காரணம். வங்கி மற்றொரு காரணம். நாணயக் கடிதத்தின்மேற் பணம் பெறுவதற்கு, சரக்குக் கப்பலில் ஏற்றப்பட்டது என்று குறித்த சீட்டை வங்கி கேட்கிறது. முனையத்திலே சரக்கைக் கொடுப்பவருக்குக் கிடைப்பதோ பெற்றுக்கொண்டதற்கான சீட்டு மாத்திரமே. 2020 ஆம் ஆண்டுப் பதிப்பு இதற்கு ஒரு வழி செய்தது. இருதரப்பாரும் உடன்பட்டால், ஏற்றிய குறிப்புள்ள சீட்டை விற்பவருக்கு வழங்குமாறு வாங்குபவர் தம் காவுநருக்குப் பணிக்கவேண்டும். இங்கேயும், காவுநர் அவ்வாறே செய்யவேண்டுமென்று இன்கோடேர்ம்ஸ் கட்டளையிட முடியாது. அவர் விற்பனை ஒப்பந்தத்துக்குப் புறத்தே நிற்பவர் அல்லவா?

இலங்கை ஏற்றுமதியாளர் நெடுநாள் முறையிட்டுவந்த விஷயமும் இதே வேரினின்று முளைத்ததுதான். எவ். ஓ. பி. விற்பனையிலே கப்பலை அமர்த்துபவரும் கூலி பேசுபவரும் கடலுக்கப்பால் உள்ள வாங்குபவர். ஆயினும் முனையக் கட்டணம், பத்திரக் கட்டணம் எனப் பலவற்றை இங்குள்ள கப்பல் முகவர், தம்மோடு கூலி பேசாத ஏற்றுமதியாளரிடம் அறவிட்டு வந்தனர். கட்டாவிட்டால் சீட்டுக் கிடையாது. சீட்டில்லாவிட்டால் வங்கியிலே பணம் கிடையாது. கூலிக்குப் புறம்பான இத்தகைய அறவீடுகளைக் கட்டுப்படுத்தும் ஒழுங்குவிதிகளை அரசாங்கம் 2013 ஆம் ஆண்டின் இறுதியில் கொண்டுவந்தது. கப்பலார் தரப்பிலே அதற்குக் கடும் எதிர்ப்பு இருந்தது. செலவு உண்மையானதே, அதனை யாரிடம் கேட்பது என்பதிலேதான் வழக்கு.

சீட்டிலே 'ஏற்றுமதி செய்பவர்' என்னும் கட்டத்தையும் சிறிது கவனிக்கவேண்டும். எவ். ஓ. பி. யில் விற்றவரும் தம் பெயரையே அங்கே எழுதுவிக்கிறார். பணத்துக்குப் பிணையாகச் சீட்டைத் தம் கையில் வைத்திருக்க அது உதவும். ஆனால் அக்கட்டத்திலே பெயருள்ளவரைக் காவுகை ஒப்பந்தத்தின் தரப்பாராகக் கப்பலார் கொள்வர். வாங்குபவர் சரக்கை எடுக்க மறுத்துவிட்டால், கொடாத கூலிக்கும், அந்நியத் துறைமுகத்திலே நாளுக்கு நாள் ஏறும் கொள்கலன் தாமதக் கட்டணத்துக்கும் அவரையே தேடி வரலாம். "நான் விற்றது எவ். ஓ. பி." என்பது வாங்குபவருக்குச் சொல்லும் விடை, கப்பலாருக்கு அது விடையாகாது.

சரக்குப் பழுதடைந்து வந்தால் செய்யவேண்டியவையும் அச்சீட்டின் பின்புறத்திலேயே இருக்கின்றன. வெளியே தெரியாத பழுதுக்கு மூன்று நாளுள் எழுத்திலே அறிவித்தல் வேண்டும். தவறினால் உரிமை அழிந்துவிடாது, ஆயினும் சரக்கு நல்ல நிலையில் ஒப்படைக்கப்பட்டதாகவே முதலிற் கொள்ளப்படும். வழக்கைத் தொடர்வதற்கு ஹேக் விதிகள் ஓராண்டு தருகின்றன. அந்த ஓராண்டு சரக்கு ஒப்படைக்கப்பட்ட நாளிலிருந்து ஓடத் தொடங்கும். நட்டம் யாருடையது என்று விற்றவரும் வாங்கியவரும் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்டிருக்கும் கடிதங்களுக்காக அது நிற்பதில்லை.