கௌரியம்மா: சட்டமும் இல்லறமும்



பெண் கல்வி குறித்துப் பேசுமாறு பணிக்கப்பட்டோம். பொதுப்படப் பேசுவதினும் ஒருவர் வாழ்வை எடுத்துரைப்பதே நன்று எனக் கருதி, கேரளத்துப் பொதுவுடைமைத் தலைவர் கே. ஆர். கௌரியம்மாவைத் தேர்ந்துகொண்டோம்.

1919ஆம் ஆண்டு சேர்த்தலையை அடுத்த பட்டணக்காட்டில் ஈழவர் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். நிலமுடைய குடும்பமே, வறியதன்று. ஆயினும் திருவிதாங்கூர் அரசின் கோயில்கள் 1936ஆம் ஆண்டு வரை அவருக்கும் அடைபட்டே கிடந்தன. ஈழவப் பெண்களுள் முதன்முதலில் சட்டப் பட்டம் பெற்றவர் அவரே. 1948இல் கட்சியில் சேர்ந்தார், சிறையும் கண்டார்.

1957 ஏப்ரலில் அமைந்த நம்பூதிரிப்பாடு அமைச்சரவையில் அவர் வருவாய்த்துறை அமைச்சர். ஆலப்புழைக் கயிற்றுத் தொழிலாளர் தலைவர் டி. வி. தாமஸ் தொழிலாளர் துறை அமைச்சர். அவ்வாண்டிலேயே இருவரும் மணம் புரிந்துகொண்டனர். ஈழவப் பெண்ணும் கிறித்தவரும் இணைந்த அம்மணத்திற்குச் சாதியும் மதமும் குறுக்கே நிற்க இயலவில்லை.

பதவியேற்ற ஒரு வாரத்திற்குள் குடிவெளியேற்றத்தைத் தடுக்கும் அவசரச் சட்டம் பிறந்தது. இதனை நாம் எளிதாக எண்ணிவிடலாகாது. நிலவுடைமையாளர் 'எழுந்து போ' என்றால் குடிசையைப் பிரித்துக்கொண்டு வெளியேறிய மக்களுக்கு, 'போகேன்' என்று சொல்லும் உரிமையை அச்சட்டம் அளித்தது. தொடர்ந்து கௌரியம்மா கொணர்ந்த நிலவுறவு மசோதா 1959 ஜூனில் நிறைவேறியது. ஜூலை இறுதியில் அரசே கலைக்கப்பட்டது.

1964இல் கட்சி இரண்டாகப் பிளந்தது. தாமஸ் ஒரு பக்கம், கௌரியம்மா மறு பக்கம். இல்லறமும் அத்துடன் முறிந்தது. சாதியும் மதமும் செய்யமாட்டாததைக் கட்சி செய்து முடித்தது! 1967 கூட்டணி அரசில் இருவரும் மீண்டும் அமைச்சராயினர். அவர் தொழில்துறை, இவர் வருவாய்த்துறை. ஒரே அமைச்சரவையில் அமர்ந்தனர். ஒரே இல்லத்தில் வாழ்ந்தாரில்லை. கொள்கைக்காகக் குடும்பத்தைத் துறப்பதை மேடைகளில் பெருமையாகப் பேசுகிறோம். அத்துறவைக் கேட்கும் உரிமை ஓர் இயக்கத்திற்கு எவ்வளவு உண்டு என்பது எமக்கு இன்னும் ஐயமாகவே உள்ளது.

அந்த அரசில் கௌரியம்மா முன்னின்று நடத்திய நிலச் சீர்திருத்தத் திருத்தச் சட்டம் 1970 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. குத்தகைதாரர் நிலத்திற்கு உரியவராயினர். நம்மவர் நிலை என்ன? புலையரும் பறையரும் பெரும்பாலும் குத்தகைதாரரல்லர். பிறர் நிலத்தில் குடிசையிட்டுக் கூலிக்கு உழுதவர்கள். 'குடிகிடப்புக்காரர்' எனப்பட்ட இவர்களுக்கு ஊராட்சிப் பகுதியில் 10 சென்ட், நகராட்சியில் 5, பெருநகரில் 3 எனக் குடிசை மனை மட்டுமே கிட்டியது. தோட்ட நிலங்களுக்கு உச்சவரம்பிலிருந்து விலக்கும் அளிக்கப்பட்டது. உழுதவனுக்கு நிலம் என்ற முழக்கத்தில் உழுதவன் யார் என்பதைச் சட்டம் நம் பக்கம் நின்று பார்க்கவில்லை. ஆயினும் அந்தப் பத்து சென்டும் சிறிதன்று. எவரும் வெளியேற்ற இயலாத திண்ணையில் அமர்ந்துதான் ஒரு குழந்தை அச்சமின்றிப் பாடம் படிக்க இயலும்.

1977இல் தாமஸ் மறைந்தார். 1987 தேர்தலில் கௌரியம்மா முதலமைச்சராவார் என்றே மக்கள் நம்பினர். பதவி நாயனாருக்குச் சென்றது. எந்தக் கட்சிக்காக இல்லறத்தை இழந்தாரோ, அக்கட்சியே 1994இல் அவரை வெளியேற்றியது. தனிக்கட்சி கண்டு, முன்னாள் எதிரணியுடன் சேர்ந்தார். அதனை நாம் புகழ வேண்டியதில்லை.

ஆனால் 1996இல் நிகழ்ந்ததைச் சொல்லாமல் அமர இயலாது. பழங்குடியினர் இழந்த நிலங்களை மீட்டளிக்க 1975இல் இயற்றிய சட்டத்தை வலுவிழக்கச் செய்யும் திருத்தம் சட்டமன்றத்திற்கு வந்தது. ஆளும் அணியும் எதிரணியும் ஒருங்கே ஆதரித்தன. எழுபத்தேழு வயதான கௌரியம்மா ஒருவரே எழுந்து அதனை எதிர்த்தார். மசோதா நிறைவேறியது.