கடை வாயிலும் கணினி வாயிலும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

     

இசையும் இலக்கியமும் நிறைந்த இவ்விழாவில், வணிகர் நடத்தும் இணையதளத்தைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்துள்ளார்கள். கவியரங்கிற்கும் நாட்டியத்திற்கும் நடுவே கணினிக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். ஆண்டுதோறும் நாம் வெளியிடும் மலர்களைப் புரட்டிப் பாருங்கள். கட்டுரைக்கும் கவிதைக்கும் இடையிடையே நம் வணிகர்களின் விளம்பரங்கள் விளங்குகின்றன. மலர் மலர்வதே அவர்களின் ஆதரவால் அன்றோ! முன்பு அவ்விளம்பரங்களின் அடியில் கடையின் பெயரும் தெருவின் பெயரும் இருந்தன. இன்று இணைய முகவரி ஒன்றும் சேர்ந்திருக்கிறது. அம்முகவரியை நம்பிச் செல்லும் ஒருவருக்கு அங்கே என்ன வரவேற்புக் கிடைக்கிறது? இதுவே இன்று நான் உங்கள்முன் வைக்க விரும்பும் வினா.

பெருமக்களே! நாம் கூடியிருக்கும் இச்சிவாஜிநகர் வணிகத்தால் வளர்ந்த ஊர். 1809ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் பெங்களூரில் படைவீடு அமைத்தனர். அதனைத் 'தண்டு' என்றே நம் முன்னோர் அழைத்தனர். தண்டு மாரியம்மன் கோயிலின் பெயரில் அச்சொல் இன்றும் வாழ்கிறது. பட்டாளத்தைத் தொடர்ந்து தமிழ் மாவட்டங்களிலிருந்து வந்த மக்கள் இங்கே கடை வைத்தனர்; கட்டடம் எழுப்பினர்; கைத்தொழில் புரிந்தனர். 1933ஆம் ஆண்டில் ரசல் மார்க்கெட் திறக்கப்பட்டது. 1949ஆம் ஆண்டில் தண்டும் பழைய நகரமும் ஒரே மாநகராட்சியின்கீழ் இணைந்தன. ஆட்சிகள் மாறின, நாணயங்கள் மாறின, தெருக்களின் பெயர்களும் மாறின. மாறாதிருந்தது ஒன்று உண்டு. வாயிலில் வந்து நின்றவரை, "வாருங்கள், என்ன வேண்டும்?" என்று வினவும் பண்பே அது. வந்தவரைக் காக்க வைக்கும் கடை நெடுநாள் நிலைப்பதில்லை என்பதை இங்குள்ள எந்தப் பெரியவரும் அறிவார்.

1995ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் விதேஷ் சஞ்சார் நிகாம் நிறுவனம் இந்நாட்டுப் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது. அன்று அது சிலருக்கே கிட்டிய பொருள். இன்றோ காய்கறி விற்கும் அம்மையாரின் கையிலும் கைபேசி இருக்கிறது. நம் பழைய வாடிக்கையாளர்களின் மக்களும் பேரர்களும் ஒயிட்பீல்டிலும் எலெக்ட்ரானிக் சிட்டியிலும் குடியேறிவிட்டனர். நெரிசலைக் கடந்து இங்கு வருவதற்கு முன்னர், அவர்கள் கைபேசியில் கடையைத் தேடுகின்றனர். ஆகவே கடைக்கு இன்று இரண்டு வாயில்கள். ஒன்று தெருவை நோக்கியது; மற்றொன்று கணினியை நோக்கியது. முதல் வாயிலை நாள்தோறும் கூட்டிக் கோலமிடுகிறோம். இரண்டாம் வாயிலை ஒருமுறை அமைத்துவிட்டு மறந்துவிடுகிறோம்.

அவ்வாயில் விரைந்து திறக்கிறதா என்பதை அறிவது எங்ஙனம்? கூகுள் நிறுவனம் அதற்கு மூன்று அளவுகளை வகுத்துள்ளது. முதலாவது, பக்கத்தின் முதன்மையான படமோ எழுத்தோ கண்ணுக்குத் தோன்றும் நேரம். அது இரண்டரை நொடிக்குள் அமைதல் வேண்டும். இரண்டாவது, விரலால் தொட்டபின் பக்கம் மறுமொழி காட்டும் நேரம். அது 200 மில்லிநொடிக்குள், அதாவது ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கிற்குள் நிகழ்தல் வேண்டும். 2024ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் இவ்வளவு பழைய அளவொன்றின் இடத்தைப் பெற்றது. மூன்றாவது, பக்கத்தின் நிலைத்தன்மை. தொலைபேசி எண்ணைத் தொடப் போகும் வேளையில் மேலே ஒரு படம் புகுந்து, எண்ணைக் கீழே தள்ளிவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். அவ்வசைவும் ஓர் எண்ணால் அளக்கப்படுகிறது, அது 0.1க்கு மேற்படலாகாது. இம்மூன்றும் ஒருமுறை நன்றாக அமைந்தால் போதாது. நூறு வருகைகளில் 75 வருகைகளுக்கேனும் அமைதல் வேண்டும் என்பது விதி. பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் என்னும் கூகுளின் சோதனைப் பக்கத்தில் உங்கள் முகவரியை இட்டால், காசு செலவின்றி இவ்வளவுகளைக் காணலாம்.

"ஒரு நொடி முன்னே, ஒரு நொடி பின்னே, இதனால் விற்பனை கெடுமோ?" என்று கேட்பீர்கள். தொலைவிலிருந்து சான்று தேட வேண்டுவதில்லை. நம் பெங்களூரிலேயே உண்டு. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊர் செல்ல நம்மவர் பலர் பேருந்துச் சீட்டு வாங்கும் ரெட்பஸ் நிறுவனம், 2006ஆம் ஆண்டில் இந்நகரில் தோன்றியது. தீபாவளிக்கு ஊர் செல்லச் சீட்டுக் கிடைக்காமல் தவித்த பணீந்திர சாமா என்னும் இளைஞர் தம் நண்பர் இருவருடன் அதனைத் தொடங்கினார். பின்னாளில் அந்நிறுவனத்தின் பொறியாளர்கள் ஒரு குறையைக் கண்டனர். பேருந்துப் பட்டியலைப் பயணி விரலால் தள்ளும்போது பக்கம் தயங்கித் தயங்கி நின்றது. விரல் அசையும் ஒவ்வொரு கணமும் நிரல் ஓயாமல் இயங்கியதும், ஒரே தடவையில் 30 பேருந்துகளின் விவரத்தை இறக்கியதும் காரணங்கள் எனத் தெளிந்தனர். விரல் சற்று ஓய்ந்தபின் இயங்குமாறு நிரலைத் திருத்தினர். முப்பதைப் பத்தாகக் குறைத்தனர். இத்தகைய திருத்தங்களால் விற்பனை 7 விழுக்காடு உயர்ந்தது என 2023ஆம் ஆண்டில் வெளியான அவர்களது அறிக்கை கூறுகிறது. பேருந்தும் அதே பேருந்து. கட்டணமும் அதே கட்டணம். மாறியது காத்திருப்பு ஒன்றே! எல்லாக் கடைக்கும் ஏழு விழுக்காடு உயரும் என்று நான் உறுதி கூறவில்லை. காத்திருப்புக்கும் ஒரு விலை உண்டு என்பதையே கூறுகிறேன்.

மற்றொரு சான்று. 2007ஆம் ஆண்டில் இதே நகரில் பிறந்த பிளிப்கார்ட் நிறுவனம், 2015ஆம் ஆண்டில் தன் கைபேசி இணையதளத்தை மூடிவிட்டு, செயலியை நிறுவிக்கொள்வோர்க்கு மட்டுமே கடை திறந்தது. ஆயின் கைபேசியில் இடமில்லாதவர் பலர். இணைப்பு மெலிந்தவர் பலர். அவ்வாண்டின் இறுதிக்குள்ளாகவே எடை குறைந்த புதிய தளம் ஒன்றை அமைத்து மூடிய வாயிலை மீண்டும் திறந்தது. முன்னர் 70 நொடி தங்கியவர்கள் அதன்பின் மூன்றரை நிமிடம் தங்கினர். செலவான தரவும் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. செல்வம் மிக்க நிறுவனமே எளியவரின் கைபேசிக்கு இறங்கி வந்தது என்றால், சிறு கடை நடத்தும் நாம் எவ்வளவு எண்ணிப் பார்த்தல் வேண்டும்!

இனி, நாம் செய்யத் தக்கவற்றைச் சுருங்கச் சொல்வேன்.

முதலில் படங்கள். கைபேசியில் எடுத்த புகைப்படம் ஒன்று மூன்று, நான்கு மெகாபைட் எடை இருக்கக்கூடும். அத்தகைய இருபது புடவைப் படங்களை அப்படியே ஏற்றினால் பக்கம் அறுபது மெகாபைட்டைத் தாண்டும். அளவைச் சுருக்கிப் படம் ஒன்றை நூறு கிலோபைட்டுக்குக் கொணர்ந்தால் மொத்தம் இரண்டு மெகாபைட்டில் அடங்கும். புடவையின் அழகும் குன்றாது. ஒவ்வொரு படத்தின் நீள அகலத்தையும் முன்னரே குறித்துவிட்டால் பக்கம் துள்ளாது. கீழே உள்ள படங்கள், பார்ப்பவர் அங்கு வரும்போது இறங்கினால் போதும்.

அடுத்து எழுத்து. நம்மவர் பலர் தமிழ் வாசகங்களை அழைப்பிதழ் போல் படமாக்கி ஏற்றுகின்றனர். இணையத்தில் வழங்கும் முறைப்படி தமிழ்க் குறியீடு ஒன்றுக்கு மூன்று பைட் ஆகும். ஆயிரம் குறியீடுகள் கொண்ட செய்தி மூவாயிரம் பைட்டில் முடியும். அதனையே படமாக்கினால் எத்தனையோ மடங்கு பெருகும். அன்றியும், படத்துக்குள் அடைபட்ட தமிழைத் தேடுபொறி எளிதில் கண்டெடுக்காது. பார்வையற்றோர்க்குப் படித்துக்காட்டும் கருவியும் படிக்காது. தமிழை எழுத்தாகவே எழுதுங்கள். கன்னட மண்ணில் வாழும் நாம் கன்னடத்துக்கு முதலிடம் தருவோம். தமிழும் உருதும் ஆங்கிலமும் உடன் நிற்கட்டும். நம் தெருவில் ஒலிக்கும் மொழிகள் நம் தளத்திலும் ஒலிப்பதே முறை.

மூன்றாவது, வேண்டாத பாரம். ஓடும் எழுத்துகள், தானே பாடும் பாட்டு, நுழைந்தவுடன் முகத்தை மறைக்கும் அறிவிப்புப் பலகை ஆகியவை வந்தவரை மகிழ்விப்பதில்லை, விரட்டுகின்றன. கடைக்குள் அடியெடுத்து வைக்கும் முன்பே பெயரும் தொலைபேசி எண்ணும் கேட்டு வழிமறிக்கும் வணிகரை நீங்கள் கண்டதுண்டோ? தெருவாயிலில் செய்யாததைக் கணினி வாயிலிலும் செய்யாதிருப்போம்.

நான்காவது, வந்தவர் எதற்காக வந்தார் என்பதை அறிதல். கடை எங்கே உள்ளது, எப்போது திறக்கும், பொருளின் விலை என்ன, யாரை அழைப்பது? பெரும்பாலோர் வினாக்கள் இவையே. இவற்றுக்கான விடை முதற்பக்கத்திலேயே இருத்தல் வேண்டும். சென்ற ஆண்டுத் தீபாவளித் தள்ளுபடி இந்த ஆண்டுப் பொங்கலிலும் தொங்கிக்கொண்டிருந்தால் எவர் நம்புவார்? நெடுநேரம் தங்குவதே ஈடுபாடு என்று மயங்கவும் வேண்டா. பத்து நொடியில் எண்ணைக் கண்டு, உடனே கடையை அழைத்தவரே நமக்கு வேண்டியவர். வழி தெரியாமல் பத்து நிமிடம் அலைந்தவரை ஈடுபாடு மிக்கவர் என்று கணக்கெழுதுவது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வதாகும்.

இவை யாவற்றுக்கும் மேலாக ஒன்று. உங்கள் தளத்தை உங்கள் புதிய கைபேசியில், வீட்டின் விரைந்த இணைப்பில் பார்த்து மகிழாதீர்கள். கடையில் பணிபுரியும் பையனின் பழைய கைபேசியை வாங்கி, மார்க்கெட்டின் நடுவே நின்று திறந்து பாருங்கள். அதில் விரைந்து திறந்தால் உலகில் எங்கும் திறக்கும். மெலிந்த இணைப்பும் மலிந்த கைபேசியும் உடையவர் தம் கூலியிலிருந்து தரவுக்குப் பணம் கட்டுகிறார். அவருடைய நேரத்தையும் காசையும் வீணாக்காதிருப்பது தொழில்நுட்பம் மட்டும் அன்று, அது விருந்தோம்பல், அது அறம்.

பெரியோர்களே! தண்டில் வணிகராகவும் கட்டட ஒப்பந்தக்காரராகவும் உயர்ந்த ஆர்க்காடு நாராயணசாமி முதலியார், 1873ஆம் ஆண்டில் ஏழைப் பிள்ளைகளுக்கென இலவசப் பள்ளி தொடங்கினார். வணிகம் கல்வியை வளர்த்த வரலாறு அது. இன்று கல்வி வணிகத்துக்குக் கைம்மாறு செய்யும் காலம் வந்திருக்கிறது. நம் குடும்பங்களில் கணினித் துறையில் பணிபுரியும் பிள்ளை இல்லாத வீடு அரிது. நாளெல்லாம் அயல்நாட்டு நிறுவனங்களின் தளங்களைச் செப்பம் செய்யும் அவ்விளைஞர்கள், திங்களில் ஒரு ஞாயிறு காலையை நம் தெருக் கடைகளுக்கு ஈயலாகாதா? பூக்கடையும் பாத்திரக்கடையும் தையற்கடையும் கேட்பது பெரும்பொருள் அன்று; இரண்டு மணி நேரமும் சற்றுப் பொறுமையுமே. சங்கம் இதனை ஏற்று, ஒரு சிறு குழுவை அமைக்குமாறு இவ்வவையில் வேண்டுகிறேன். பெருநிறுவனங்களின் வெள்ளத்தில் நம் சிறு கடைகள் அடித்துச் செல்லப்படாமல் நிற்க, இது ஓர் ஊன்றுகோலாகும்.

இளந்தோழர்களே! உங்கள் தாத்தாவின் கடை வாயில் என்றும் திறந்திருந்தது. அதன் இரண்டாம் வாயிலைத் தடையின்றித் திறந்து வைக்கும் பொறுப்பு உங்களுடையது.