ஓனர் கை கழுவின கட்டடத்தை யார் ரிப்பேர் பண்றது?

"வாடகையை ஏத்தவே விடலைன்னா ஓனர் எந்தக் காசுல வீட்டை ரிப்பேர் பண்ணுவார்?"னு ஒரு நேயர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. மும்பை இதுக்கு ஒரு விசித்திரமான பதில் வெச்சிருக்கு. இன்னிக்கு அதைப் பார்ப்போம்.

1947 பம்பாய் வாடகைச் சட்டம், பழைய வீடுகளோட வாடகையைக் கிட்டத்தட்ட 1940 செப்டம்பர் மாசத்து அளவுலயே நிறுத்தி வெச்சது. சால்னு சொல்ற வரிசை வீடுகள்ல இருந்த மில் தொழிலாளிகளுக்கு அதுதான் பாதுகாப்பு. ஆனா வர்ற வாடகை சுண்ணாம்பு அடிக்கக்கூடப் பத்தாதுன்னு ஓனர்கள் கட்டடத்தை அப்படியே விட்டுட்டாங்க. மழைக்காலத்துல ஒண்ணொண்ணா இடிய ஆரம்பிச்சுது.

அதனால 1969-ல தனிச் சட்டம் போட்டு ஒரு ரிப்பேர் வாரியம் அமைச்சாங்க. இப்போ அது மாடாவோட ஒரு பிரிவு. பழைய கட்டடங்கள் மேல செஸ் வசூலிச்சு, அரசுப் பணமும் சேர்த்து, வாரியமே ரிப்பேர் பண்ணும். அப்போ கணக்குல வந்தது 19,000-க்கும் மேல கட்டடங்கள். கவனிங்க, காசு ஓனர் கைக்குப் போகாது, வேலைதான் நடக்கும். சதுர மீட்டருக்கு இவ்வளவுதான்னு உச்சவரம்பும் உண்டு. அதைத் தாண்டினா மிச்சத்தை அங்கே இருக்கறவங்களே போடணும், இல்லைன்னா காலி பண்ணிட்டு டிரான்சிட் கேம்ப் போகணும். அங்கே போய்ப் பல வருஷமா திரும்ப முடியாதவங்க இருக்காங்க. நம்ம பாஷைல சொன்னா, பழைய சிஸ்டத்துக்கு பேட்ச் மேல பேட்ச். ஆனா சர்வர் விழுந்தா ரீஸ்டார்ட் பண்ணலாம். 2017 ஆகஸ்ட்ல பெண்டி பஜார்ல ஒரு கட்டடம் இடிஞ்சு 33 பேர் செத்துப்போனாங்க.

1986-ல அரசு இன்னொரு படி போச்சு. குடியிருக்கறவங்கள்ல 70% பேர் கேட்டா கட்டடத்தையே அரசு எடுத்து அவங்க கூட்டுறவு சங்கத்துக்குக் கொடுக்கலாம். ஓனருக்கு நஷ்டஈடு? மாச வாடகை மாதிரி நூறு மடங்கு. உதாரணத்துக்கு, மொத்த வாடகை 2,000 ரூபாய்னா 2 லட்சம். தென்மும்பை நிலத்துக்கு! வாடகையை உறைய வெச்சதும் அரசு, அந்த வாடகையை வெச்சே விலை போட்டதும் அரசு. குடியிருக்கறவங்க பக்கம்தான் என் மனசு. இருந்தாலும் இந்தக் கணக்கு எனக்கு நியாயமாப் படலை.

ஓனர்கள் சங்கம் கோர்ட்டுக்குப் போச்சு. 1992-ல உச்ச நீதிமன்றம் வந்த வழக்குல, 2024 நவம்பர் 5 அன்னிக்குத்தான் ஒன்பது நீதிபதிகள் அமர்வு தீர்ப்பு சொல்லுச்சு. தனியார் சொத்து எல்லாத்தையும் சமுதாயத்தோட வளம்னு எடுத்துக்க முடியாதுன்னு பெரும்பான்மைத் தீர்ப்பு. அந்த 70% பிரிவு செல்லுமாங்கறது அவங்க முன்னால இருந்த கேள்வியே இல்லை. அதை இன்னொரு அமர்வு பார்க்கணும்.

1999 சட்டத்துக்கு அப்புறம் வாடகையை வருஷத்துக்கு 4% ஏத்திக்கலாம். 200 ரூபாய்க்கு 4% எவ்வளவுன்னு நீங்களே போட்டுப் பாருங்க. உங்க கேள்விகளை வழக்கம்போல வாய்ஸ் நோட்டா அனுப்புங்க.