மீனுக்கு எறிந்த சோறும் கடலில் கரைத்த அபினும்



சீனரின் ஐந்தாம் மாதம் ஐந்தாம் நாள் டிராகன் படகுத் திருநாள். அன்று ஆறுகளில் நீண்ட படகுகள் போட்டியிடும். ஒட்டும் அரிசியை இலையில் பொதிந்து அவித்து உண்பார்கள். ஏன் என்று கேட்டால் சியூ யுவான் என்ற கவிஞனின் கதையைச் சொல்வார்கள். சூ நாட்டு மன்னனுக்கு நல்லது சொல்லப்போய், கோள்காரரால் நாடு கடத்தப்பட்டவன் அவன். கி.மு. 278 இல் தலைநகர் பகைவர் வசமானதைக் கேட்டு மிலுவோ ஆற்றில் பாய்ந்தானாம். மக்கள் படகேறித் தேடினார்கள். மீன்கள் உடலைத் தின்னாதிருக்க ஆற்றில் சோற்றை எறிந்தார்கள்.

அறிஞர்கள் இத்திருநாள் கவிஞனுக்கும் முந்தியது என்கிறார்கள். நோய் பரவும் ஐந்தாம் மாதத்தை நச்சு மாதம் என்று அஞ்சி, வாசலில் வசம்பிலை கட்டிய வழக்கம் அது. இருக்கட்டும், எனக்கென்னவோ கதையை விட மனமில்லை.

இனி அபினுக்கு வருகிறேன். தேயிலை நமது மலைகளுக்கு வருமுன்னர் ஆங்கிலேயர் அதைச் சீனாவிலேதான் வாங்கினர். விலையாக வெள்ளி கொடுத்து மாளவில்லை. கிழக்கிந்தியக் கம்பனி வங்காளத்து அபினைத் தன் ஏகபோகமாக்கிக் கல்கத்தாவில் ஏலம் விட்டது. சீனப் பேரரசு தடைசெய்த அந்தச் சரக்கைக் களவாகக் கொண்டுபோனவர்கள் தனி வணிகர்கள். கம்பனியின் கை சுத்தம்!

1839 இல் பேரரசின் ஆணையாளராக வந்த லின் சேசூ இருபதாயிரத்துக்கு மேற்பட்ட அபின் பெட்டிகளைக் கைப்பற்றினார். ஹூமெனில் குழி வெட்டி, உப்பும் சுண்ணாம்பும் இட்டுக் கரைத்துக் கடலில் விட்டார். யூன் 3 ஆம் திகதி தொடங்கிய வேலை 25 ஆம் திகதிதான் முடிந்தது. பள்ளியில் இந்தத் திகதிகளை மனனம் செய்த நான், படகுத் திருநாள் இவற்றுக்கு நடுவே வந்ததை வெகுகாலம் அறியவில்லை.

வேலையைத் தொடங்குமுன் லின் கடல் தெய்வத்துக்குப் படையலிட்டார். நஞ்சு வருகிறது, நீர்வாழ் உயிர்கள் சற்று விலகியிருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டார். கவிஞனுக்காக மீன்களுக்குச் சோறு எறிந்தவர்களின் வழிவந்தவரல்லவா!

பிரித்தானியப் போர்க்கப்பல்கள் வந்தன. 1842 நான்கிங் ஒப்பந்தத்தில் ஹொங்கொங் பறிபோனது. ஐந்து துறைமுகங்கள் திறக்கப்பட்டன. சீனா கொடுக்க ஒப்புக்கொண்ட 2 கோடியே 10 இலட்சம் டொலரில் 60 இலட்சம், கரைத்த அபினுக்கான விலை. ஒப்பந்தம் கைச்சாத்தானபோது லின் வழிப்பயணத்தில் இருந்தார். பேரரசர் அவரை மேற்கெல்லையிலுள்ள இலிக்கு நாடு கடத்தியிருந்தார்.