களை என்று யார் சொன்னது?



மத்தேயு 13ஆம் அதிகாரத்தில், களை பிடுங்கத் துடிக்கும் வேலைக்காரரைத் தலைவர் தடுக்கிறார். கோதுமையும் கூடவே வந்துவிடுமே என்று. நாமோ நல்ல செடிக்கே களை என்று பெயர் வைத்துவிடுகிறோம்.

அமெரிக்காவில் வீட்டுமுன் புல்தரைக்குப் புல் விதையோடு குளோவர் விதையையும் கலந்து விதைத்த காலம் உண்டு. மூவொரு கடவுளை விளக்கப் புனித பேட்ரிக் காட்டியதாக மரபு சொல்லும் மூவிலைச் செடியின் இனம்தான். அதன் வேர்முடிச்சுகள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து மண்ணுக்குத் தரும். அருகிலுள்ள புல் செழிக்கும். 1940களில் 2,4-டி என்ற களைக்கொல்லி வந்தது. புல்லை விட்டுவிட்டு அகன்ற இலைச் செடிகளைக் கொல்லும் மருந்து அது. குளோவரும் செத்தது, பிறகு களைப் பட்டியலிலும் சேர்ந்தது.

நம் குடும்பத்தில், அன்பியத்தில், பேச்சை நிறுத்தி நாம் ஒதுக்கிவைத்த ஒருவர் இருப்பார். யோசித்தால், அவர் கையால் ஒருநாள் சாப்பிட்டிருப்போம். இந்த வாரம் அவர் வீட்டுக்குப் போவோம். கதவு திறக்காமலும் போகலாம்.