பழைய லாரி வாங்குமுன்



விளைபொருளை ஏற்றிச் செல்லப் பழைய லாரி வாங்க முனைவோர், எஞ்சினைக் குளிர்விக்கும் நீர் கசிகின்றதா என்று முதலில் பார்த்தல் வேண்டும். அந்நீர் குறைந்தால் எஞ்சின் கொதிக்கும், ஹெட் வளையும், கடன்பட்டு வாங்கிய வண்டி பட்டறையில் நிற்கும்.

விடியற்காலையில், விற்பவர் எஞ்சினைக் கிளப்புமுன்பே செல்லுங்கள். சூடேறிய எஞ்சினில் சிறு கசிவு உலர்ந்து மறைந்துவிடும். வண்டி நின்ற தரையில் ஈரம் உள்ளதா? ரேடியேட்டரிலும், ரப்பர்க் குழாய்களின் இணைப்புகளிலும், தண்ணீர்ப் பம்பின் அடித்துளையிலும் வெள்ளையாகவோ பச்சையாகவோ பொருக்குப் படிந்துள்ளதா?

எஞ்சின் ஆறியிருக்கும்போதே ரேடியேட்டர் மூடியைத் திறவுங்கள். நீர்மட்டத்தைக் குறித்துக்கொண்டு, வண்டியை ஓட்டச் செய்து, மறுநாட் காலை மீண்டும் பாருங்கள். வெளியே கசிவின்றி மட்டம் குறைந்திருப்பின், நீர் எஞ்சினுக்குள் இறங்குகின்றதோ என ஐயுற வேண்டும். எஞ்சின் எண்ணெய் பால்போல் வெளுத்திருத்தலும், சூடேறிய பின்னும் வெண்புகை ஓயாதிருத்தலும் அதன் அடையாளங்கள்.

மற்றொன்றும் கூறுவேன். குளிர்விக்கும் நீரிற் பெரும்பாலும் கலக்கப்படும் எத்திலீன் கிளைக்கால் இனிப்பான நஞ்சு. சிந்தியதை நக்கும் மாடும் நாயும் மடியக்கூடும். ஆகவே வண்டியைத் தொழுவத்தருகே நிறுத்தாதீர்கள்.

ஒருநாள் பொறுத்து வாங்குவதில் நட்டமில்லை.